பள்ளியறைத் தாழ்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு நாள், திட்டக்குடியிலுள்ள நம் இல்லத்திற்குத் தச்சர் ஒருவர் கருவிப்பையுடன் வந்து சேர்ந்தார். பெங்களூரில் பணிபுரியும் நம் மகன் தொலைபேசி வாயிலாக அவருக்குச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தான். அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, அடுத்த தெருவில் பூட்டிக் கிடந்த வீடொன்றின் கதவை நெம்பித் திறந்து களவு நிகழ்ந்திருந்தது. எழுபத்து நான்கு வயதுடைய தாய் தனித்து உறங்குகிறாளே என்ற கவலை மகனுக்கு. வாயிற்கதவைக் கடந்து ஒருவன் உள்ளே வந்துவிட்டாலும், அக்கம்பக்கத்தார் விழித்து வரும் வரையேனும் தாங்கி நிற்கும் கதவு ஒன்று படுக்கையறைக்கு வேண்டும் என்பது அவனது முடிவு.

மாலைக்குள் வேலை முடிந்தது. "இனிமே யானை வந்து முட்டினாலும் அசையாது டீச்சர்" என்று சொல்லிக் கூலி பெற்றுச் சென்றார் தச்சர். அன்றிரவு புதிய தாழை இட்டுப் படுத்த நமக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. கள்வரை எண்ணி அன்று. ஒரு வினாவை எண்ணி. அணுவிரத நெறியில் நிற்க விழையும் இல்லறத்தார் ஒருவர், தாம் உறங்கும் அறைக்கு இத்துணைக் காவல் செய்துகொள்வது அறமாகுமா? ஆகும் எனின், எந்த அளவு வரை ஆகும்? இவ்வினாவை வாசகப் பெருமக்களுடன் சேர்ந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பயின்ற காலத்தில், எப்பாடத்தையும் மாணவர் அறிந்ததிலிருந்து தொடங்கி அறியாததற்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று கற்பித்தனர். ஆதலின் கதவிலிருந்தே தொடங்குவோம்.

தச்சர் கற்பித்த பாடம்

கதவைப் பலப்படுத்துவது என்றால் கனமான பலகையைப் போடுவது என்றே நாம் எண்ணியிருந்தோம். தச்சர் நகைத்தார். "கதவு எங்கேயும் உடையறதில்லை டீச்சர். நிலையும் நாதாங்கியும்தான் பிடுங்கிக்கிட்டு வரும்" என்றார். நம் அறைக்கதவு பழைய தேக்கு. ஒன்றரை அங்குலக் கனம். ஆயினும் தாழ்ப்பாளின் தண்டு நுழையும் நாதாங்கி, முக்கால் அங்குலத் திருகாணிகள் இரண்டினால் மட்டுமே நிலையில் பொருத்தப்பட்டிருந்தது. வலியவன் ஒருவன் தோளால் இருமுறை மோதினால் மரம் பிளந்து திருகாணிகள் கழன்று விழும். பலகை அப்படியே இருக்க, கதவு திறந்துவிடும்.

அவர் செய்த வேலைகள் நான்கு. நிலைக்கும் சுவருக்கும் இடையே தளர்ந்திருந்த இடங்களில் இரும்புக் கிளாம்புகளை வைத்துச் சிமெண்டுக் கலவையால் இறுக்கினார். நாதாங்கி இருந்த பக்கத்தில் நிலையின் நீளத்திற்கு ஓர் இரும்புப் பட்டையைப் பதித்து, மூன்று அங்குலத் திருகாணிகளால் ஆழ முடுக்கினார். இரண்டு கீல்கள் இருந்த இடத்தில் மூன்றாவது ஒன்றையும் சேர்த்தார். இறுதியாக, நம் பாட்டனார் காலத்து வீடுகளில் இருந்ததைப் போன்று, கதவின் குறுக்கே விழும் அடிதண்டா ஒன்றை இரும்பில் செய்து மாட்டினார்.

இத்தகைய காவலை வீண் அச்சம் என்று இகழ்ந்துவிட இயலாது. 1995ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை, வடநாட்டிலிருந்து சரக்குந்துகளில் வந்த கொள்ளைக் கூட்டத்தார் தமிழகத்தின் நெடுஞ்சாலையோர ஊர்களில் நள்ளிரவில் வீடு புகுந்து, உறங்குவோரைத் தாக்கிக் கொன்று பொருள் கவர்ந்தமையைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 2005 சனவரி 9ஆம் நாள், கும்மிடிப்பூண்டிச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சுதர்சனம் அவர்களே தானாகுளத்திலிருந்த தம் இல்லத்தில் கொல்லப்பட்டார். அண்மையில், 2024 நவம்பரில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் வாழ்ந்த முதிய இணையரும் அவர்தம் மகனும் கொல்லப்பட்டனர். 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பகுதியிலும் தனித்து வாழ்ந்த முதிய இணையர் ஒருவருக்கு அதே கதி நேர்ந்தது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ, முதியோர் மட்டும் பெரிய வீடுகளில் விளக்கேற்றிக்கொண்டிருப்பது நம் சமூகத்துச் சிற்றூர்கள் பலவற்றிலும் காணும் காட்சியன்றோ?

கதவின் அறம்

துன்புறுத்தலை நம் ஆன்றோர் நான்காகப் பிரித்தனர். வேண்டுமென்றே எண்ணிச் செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்பி. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்யோகி. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது தவிர்க்க இயலாது நேர்வது விரோதி. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றிலும் நீக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். தற்காப்பை அறநூலார் விலக்கவில்லை. ஆனால் தற்காப்பிற்குரிய வழிகள் பலவற்றுள் எது மிகக் குறைந்த துன்பம் தருவதோ அதனைத் தேர்வது நம் கடன்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால், கதவே காவல்களுள் மென்மையானது. தலையணையின் கீழ் அரிவாள் வைத்து உறங்குவோர் உளர்; அவ்வாறு உறங்குபவர் ஒவ்வோர் இரவும் ஒருமுறை மனத்தால் வெட்டிவிட்டே உறங்குகிறார். பன்றிகளுக்கென்று வயலில் இடப்படும் மின்வேலியில் மனிதர் சிக்கி மாண்ட செய்திகளை நாளேடுகளில் படிக்கிறோம். அவ்வேலி வந்தவர் யார் என வினவுவதில்லை. கதவோ எவரையும் அடிப்பதில்லை, கடிப்பதில்லை, சுடுவதில்லை. அது 'வேண்டா' என்று மட்டும் சொல்லி நிற்கிறது. சற்று எண்ணிப் பார்த்தால், அது கள்வனுக்கும் நன்மையே செய்கிறது. முயன்று முடியாமல் திரும்பிச் செல்பவனுடைய தீவினை அம்முயற்சியோடு நின்றுவிடுகிறது. கொலை வரை வளர்வதில்லை. பிறனொருவன் பெருந்தீமையில் வீழாமல் தடுப்பதும் அருளின் ஒரு கூறுதான்.

ஆகவே நம் வினாவின் முதற்பகுதிக்கு விடை கிடைத்துவிட்டது. உயிரைக் காக்கும் பொருட்டுக் கதவைப் பலப்படுத்துவது இல்லறத்தார்க்கு அறமே. ஆயினும் இத்துடன் நிறுத்தினால் அரைப்பாடமே நடத்தியவர் ஆவோம். கதவு நாம் உறங்கும்போது கள்வனைத் தடுக்கிறது. நாம் விழித்திருக்கும்போது நம் நெஞ்சில் என்ன செய்கிறது? இவ்விடத்தில் நம் வாழ்வில் நிகழ்ந்த பிழையொன்றை ஒளிவின்றிச் சொல்ல வேண்டியுள்ளது.

பீங்கான் சாடி

1993ஆம் ஆண்டின் கோடை விடுமுறை. உறவினர் திருமணம் ஒன்றிற்காகக் குடும்பத்தோடு வந்தவாசிப் பக்கத்திலுள்ள நம் சொந்த ஊருக்குச் சென்று பத்து நாள்கள் தங்கித் திரும்பினோம். திரும்பிய மறுநாள் பீரோவைத் திறந்தபோது, நம் தாயார் அளித்த கல்வைத்த தோடு ஒரு சோடியைக் காணவில்லை. வீட்டின் பூட்டு உடைபடவில்லை. சாவி ஒன்று, நாள்தோறும் வந்து வாயில் தெளித்துச் செடிகளுக்கு நீர் ஊற்றிவந்த பணிப்பெண்ணிடம் இருந்தது. வேறென்ன சான்று வேண்டும்? நம் மனம் அந்நொடியிலேயே தீர்ப்பெழுதிவிட்டது.

நாம் அவளை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. "தோட்டைப் பார்த்தாயா?" என்று மட்டும் வினவினோம். ஆனால் வகுப்பறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவர்களுக்கு, குற்றவாளியிடம் வினவும் குரல் எது, குழந்தையிடம் வினவும் குரல் எது என்பது தெரியும். அவளுக்கும் தெரிந்தது. சாவியைத் திண்ணைமேல் வைத்துவிட்டுச் சென்றாள், மறுநாள் வரவில்லை. வராமையையே குற்றத்தின் ஒப்புதலாகக் கொண்டோம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் இரண்டே நாளில் பொருள் வெளிவரும் என்று உடன் பணிபுரிந்தோர் சிலர் அறிவுரை கூறினர். மனுவையும் எழுதிவிட்டோம். நம் மாமியார் மட்டும், "பர்வ நாள் கழியட்டும், மூன்று நாள் பொறு" என்றார். அவர் சொல்லை மீற மனமில்லாமல் பொறுத்தோம்.

இரண்டாம் நாள், சமையலறைப் பரணிலிருந்து உப்புச்சாடியை இறக்கினோம். விருத்தாசலத்தில் செய்த பழுப்பு நிறப் பீங்கான் சாடி அது. பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் அருகிலிருப்பதால் நம் பகுதி வீடுகளில் அத்தகைய சாடிகள் மிகுதி. உப்பைக் கையால் அள்ளியபோது சிறு துணிமுடிச்சு ஒன்று தட்டுப்பட்டது. அவிழ்த்தால், தோடு! ஊருக்குப் புறப்பட்ட இரவு, 'பீரோவைத்தானே கள்வர் முதலில் உடைப்பர்' என்றஞ்சி நாமே உப்புக்குள் புதைத்துவைத்ததும், திருமண ஆரவாரத்தில் அதனை அறவே மறந்துபோனதும் அப்போதுதான் நினைவிற்கு வந்தன.

ஆராய்ந்து பாருங்கள்: பொருளை மறைத்தது நம் அச்சம், பழியை மட்டும் ஓர் ஏழைப்பெண்மேல் ஏற்றினோம். கள்வன் எவனும் நம் வீட்டிற்குள் வரவேயில்லை. ஆயினும் ஒரு களவு நடந்தது. ஒருத்தியின் நற்பெயரைக் கவர்ந்தவர் நாமே.

அன்று மாலையே அவள் குடிசைக்குச் சென்று உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவள் சினக்கவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "போலீசுக்குப் போகாம இருந்தீங்களே டீச்சரம்மா, அதுவே போதும்" என்றாள். மீண்டும் வேலைக்கு அழைத்தோம். "வேற எடத்துல சேந்துட்டேம்மா" என்றாள். அது மெய்யன்று என்பது இருவருக்கும் தெரியும்.

போலீசுக்குப் போகாமை ஏன் அவளுக்கு அத்துணைப் பெரிதாயிற்று என்பதை நாம் பின்னரே உணர்ந்தோம். அதே 1993ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான், விருத்தாசலத்தை அடுத்த முதனை என்னும் ஊரைச் சேர்ந்த ராஜாகண்ணு என்பவரை நகைக் களவு ஒன்றின் ஐயத்தின்பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டுசென்றனர். அவர் குறவர் குலத்தவர். கூலிவேலை செய்து வாழ்ந்தவர். காவலிலிருந்து தப்பியோடிவிட்டார் என்று கூறப்பட்டது. உண்மையில் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். அவர்தம் மனைவி பார்வதி நீதிமன்றம் சென்றார். பிற்காலத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய வழக்கறிஞர் சந்துரு அவருக்காக வாதாடினார். 2006ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் காவலர்களைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்துத் தண்டித்தது. அதற்குள் பதின்மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. 2021இல் வந்த 'ஜெய் பீம்' திரைப்படத்தின் வாயிலாக இவ்வரலாற்றை நாடே அறிந்தது. நம் பேரன் அதனைக் கைப்பேசியில் காட்டியபோது நம்மால் முழுவதும் காண முடியவில்லை. நாம் எழுதிவைத்துக் கொடுக்காமல் விட்ட அந்த மனுவே கண்முன் நின்றது.

இவ்வச்சத்திற்கு நம் பகுதியில் நீண்ட வேர் உண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டபின், முழுச் சமூகங்களே பிறப்பால் கள்வர் எனப் பதியப்பட்டன. வேப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு சமூகத்தாரும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதற்கும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஏட்டிலிருந்து அது நீங்கிற்று, நெஞ்சிலிருந்து நீங்கவில்லை. ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் வினையே உரியது என்று கற்கும் நாம், ஒருவன் செய்த களவை அவன் குலத்தின்மேல் ஏற்றுவது எங்ஙனம் பொருந்தும்? மேலே கூறிய கொள்ளைக் கூட்டத்தாரையும் அவர்தம் குலப்பெயரால் சுட்டாமல் விட்டமைக்குக் காரணம் இதுவே.

கள்ளாமை விரதத்தைப் பிறர்க்கு உரியதாகவே நாம் கருதிவருகிறோம். அதன் அதிசாரங்களாக ஆன்றோர் எண்ணியவற்றுள் கள்வனைத் தூண்டுதல், களவுப் பொருளைக் கொள்ளுதல் என்பனவற்றோடு கலப்படமும் கள்ள அளவையும் இருக்கின்றன. இவை தாழிட்ட வீட்டிற்குள் வாழ்வோரும் செய்யக்கூடியவை. தக்க சான்றின்றிப் பிறர்மேல் களவை ஏற்றுவதையும் நம் மனக்கணக்கில் இவற்றோடு சேர்த்துக்கொள்வது நல்லது.

உள்ளே இருப்பவர் யார்?

மீண்டும் நம் புதிய கதவிற்கு வருவோம். அது மாட்டப்பட்டு மூன்று திங்கள் கழிந்த நிலையில், தை மாதத்து விடியற்காலை ஒன்றில் படுக்கையை விட்டு எழுந்தபோது தலைசுற்றித் தரையில் வீழ்ந்தோம். இடுப்பில் வலி; கைப்பேசி எட்டாத தொலைவில். விடிந்ததும் பால் கொண்டுவந்த பெண், வழக்கம்போல் கதவு திறக்காமை கண்டு எதிர்வீட்டாரை அழைத்தாள். அவர்களிடமிருந்த சாவியால் வாயிற்கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டனர். ஆனால் அறைக்கதவு? யானை முட்டினாலும் அசையாத கதவாயிற்றே! வெளியே நின்று அவர்கள் அழைப்பதும் தோளால் மோதுவதும் நமக்குக் கேட்டன. தரையில் தவழ்ந்து, சுவரைப் பற்றி எழுந்து, அந்த இரும்புத்தண்டை நீக்க நமக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வினையின் நற்பயனால் எலும்பு முறியவில்லை. முறிந்திருந்தால், நம்மைக் காக்கச் செய்த கதவே நமக்குக் கல்லறையாகியிருக்கும்.

இது நம் வீட்டில் மட்டும் நிகழ்வதன்று. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் வானூர்திகள் கடத்தப்பட்டு மோதப்பட்டபின், உலகெங்கும் பயணியர் வானூர்திகளில் ஓட்டுநர் அறைக்கதவுகளை வெளியிலிருந்து எவரும் உடைக்க இயலாதவாறு பலப்படுத்தினர். 2015 மார்ச்சு 24ஆம் நாள், ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவிலிருந்து செருமனி நாட்டின் டியூசல்டார்புக்குச் சென்ற ஜெர்மன்விங்ஸ் வானூர்தியில், தலைமை ஓட்டுநர் சற்று வெளியே சென்றதும் துணை ஓட்டுநர் கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டு, வானூர்தியைப் பிரான்சு நாட்டு ஆல்ப்சு மலையில் வேண்டுமென்றே மோதச் செய்தார். தலைமை ஓட்டுநர் கதவை உடைக்க முயன்றும் அது உடையவில்லை. அதில் இருந்த 150 பேரும் மாண்டனர். கதவு தன் கடமையைப் பிழையின்றிச் செய்தது. ஆனால் கேடு இம்முறை உள்ளே இருந்தது.

கேடு உள்ளிருந்தே வருவது என்பது நம் தத்துவத்திற்குப் புதிதன்று. வினை உயிருக்குள் புகும் வழியை ஊற்று என்றும், அவ்வழியை அடைப்பதைச் செறிப்பு என்றும் படித்திருக்கிறோம். அடைக்க வேண்டிய வாயில்கள் மனமும் மொழியும் மெய்யும் ஆகும். இம்மூன்றின் அடக்கத்திற்குக் குப்தி என்பது பெயர். அச்சொல்லின் பொருள் காவல் என்பதே. அச்சங்களை ஏழாக வகுத்த ஆன்றோர், அவற்றுள் ஒன்றிற்கு அகுப்தி பயம் எனப் பெயரிட்டனர். 'கோட்டையில்லையே, கதவில்லையே, எவனும் உட்புகுந்துவிடுவானே' என்னும் அச்சமே அது. பொன்னூர் மலையோடு நம் மரபு இணைத்துப் போற்றும் குந்தகுந்தர் அருளிய சமயசாரம், நற்காட்சியுடையவர்க்கு இவ்வேழு அச்சங்களும் இல்லை என்கிறது. உயிரின் தன்னியல்பே அதன் கோட்டை. அதற்குள் பிறிதொன்று புக இயலாது என்பது அதற்கு உரையாசிரியர் கூறும் விளக்கத்தின் சாரம்.

பள்ளி என்னும் சொல்

'பள்ளி' என்னும் தமிழ்ச்சொல் கல்விக்கூடத்தையும் குறிக்கும், துறவியர் உறைவிடத்தையும் குறிக்கும், படுக்கையையும் குறிக்கும். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்திலும் பாறையில் வெட்டிய படுக்கைகளை வாசகர் பலர் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் தலை வைக்குமிடம் சற்றே உயர்த்தப்பட்டிருக்கும். நம் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்திலேயே, திருக்கோவலூரை அடுத்த ஜம்பைக் குன்றில், அதியமான் நெடுமான் அஞ்சி பாளி அளித்த செய்தி கூறும் தமிழிக் கல்வெட்டு 1981இல் கண்டறியப்பட்டது. அம்முனிவர்களின் குகைமுகப்புகளைக் கூர்ந்து நோக்குங்கள். மழைநீர் உள்ளே வழியாமலிருக்கப் பாறை நெற்றியில் காடி வெட்டியிருப்பர். மழையைத் தடுத்தனர், மனிதரைத் தடுக்கும் கதவு அங்கு இல்லை.

அவர்கள் துறவியர், கவர்வதற்கு ஏதும் இல்லாதவர்கள். நாம் இல்லறத்தார். அவர்களைப் போலக் கதவின்றி உறங்குவோம் என்பது வெறும் வாய்ச்சொல்லாகும். எனினும், கதவில்லாத அப்பள்ளிக்கும் இரும்புத்தண்டு பூட்டிய நம் பள்ளியறைக்கும் இடையே இல்லறத்தார் நடந்து செல்வதற்கென ஒரு வழி இருக்கிறது. பொருள் வரைதல் என்னும் அணுவிரதமே அவ்வழி. இவ்வளவு போதும் என்று வரையறுப்பவன், தன் அச்சத்திற்கும் ஓர் எல்லை வகுக்கிறான். நம் நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாம், அது அறிவுடைமை. ஆனால் அதனால் நகை இடம் மாறுகிறதேயன்றி அச்சம் குறைவதில்லை. நகையே குறைந்தால்தான் அச்சம் குறையும்.

விழுந்தெழுந்த அம்மாதத்திலேயே நாம் மூன்று செயல்கள் செய்தோம். பிறர்க்கு அறிவுரையாக அன்று, நம் வீட்டுப் பாடக்குறிப்பாகவே அவற்றை இங்கே தருகிறோம்.

முதலாவது, தச்சரை மீண்டும் அழைத்தோம். கிளாம்பும் பட்டையும் நீண்ட திருகாணிகளும் இருக்கட்டும். அவை நிலையை உறுதி செய்பவை. அடிதண்டாவை மட்டும் கழற்றச் செய்து, அதன் இடத்தில் உள்ளிருந்து பூட்டினாலும் வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்தச் செய்தோம். அந்தச் சாவி எதிர்வீட்டில் இருக்கிறது.

இரண்டாவது, பீரோ படுக்கையறையிலிருந்து வெளியேறிற்று. அதிலிருந்த நகைகளைப் பட்டியலிட்டு, வரையறுத்துக்கொண்ட அளவிற்கு மேற்பட்டவற்றைப் பேத்திகளுக்குப் பிரித்தளித்தோம். அந்தக் கல்வைத்த தோட்டை மட்டும் எவருக்கும் அளிக்க மனம் வரவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேலாக அதனை நாம் அணியவுமில்லை. அதனை விற்று வந்த தொகையை, நம் பழைய பணிப்பெண் இன்றில்லாமையால், அவள் மகளிடம் கொண்டுசென்றோம். "எதுக்கும்மா?" என்றாள். அந்தக் கதையைத் தாய் அவளுக்குச் சொல்லவேயில்லை என்பது அப்போது தெரிந்தது. நாமே சொன்னோம். வகுப்பறையில் எத்தனையோ பாடங்களை நடத்தியிருக்கிறோம்; அவ்வளவு கடினமான பாடம் வேறில்லை.

மூன்றாவது, இரவு தாழிடும்போது ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறோம். 'இன்று எவர்மேலேனும் தக்க காரணமின்றி ஐயம் கொண்டோமா?' என்று நம்மையே வினவுகிறோம். ஆம் எனில், அவர் பெயரைச் சொல்லி மனத்தளவில் பொறுத்தருள வேண்டிக்கொண்டு, அதன்பின்னரே உறங்குகிறோம். ஆண்டிற்கு ஒருமுறை மன்னிப்பு வேண்டும் நாளுக்காக இதனை ஒத்திவைப்பதில்லை.

கதவு நிலையைப் பற்றி நிற்கிறது என்றார் தச்சர். அது மரத்திற்கு மட்டும் பொருந்தும் சொல் அன்று என்பதை அறிய நமக்கு எழுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. இப்போது நம் அறைக்குக் கதவு உண்டு, தாழும் உண்டு. காற்றடிக்கும் இரவுகளில் சில வேளை கதவு அசையும் ஒலி கேட்கும். முன்பெல்லாம் 'யாரது?' என்று அஞ்சி எழுவோம். இப்போது எதிர்வீட்டில் இருக்கும் சாவியை எண்ணிக்கொண்டு திரும்பிப் படுக்கிறோம்.